மனித வளமா, தொழிலாளர் உறவா?

பட்டம் பெற்ற பின் யாது பயில்வது என்னும் வினாவோடு இன்று நம் பிள்ளைகள் வருகின்றனர். சென்ற ஆண்டு நம் பழைய மாணவி ஒருவர், தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகள், இரண்டு சேர்க்கைக் கடிதங்களுடன் நம்மிடம் வந்தார். ஒன்று மனித வள மேலாண்மை. மற்றொன்று தொழிலாளர் மேலாண்மை.

உடனே விடை கூற நாம் துணியவில்லை. முன்பொரு முறை துணிந்து தவறியவர்கள் நாம். பெயரின் கவர்ச்சியில் மயங்கி, மாணவர் ஒருவரைத் தனியார் நிறுவனம் ஒன்றின் பட்டயப் படிப்பிற்கு அனுப்பினோம். அவர் தந்தை கறவை மாட்டை விற்றுக் கட்டணம் செலுத்தினார். தொழிற்சாலை நல அலுவலர் பணிக்கு அப்பட்டயம் தகுதியாகாது என்பது படித்து முடித்த பின்னரே தெரிந்தது. அத்தந்தையை எதிரில் கண்டால் இன்றும் நமக்குக் கூச்சமே.

நல அலுவலர் பதவி சட்டத்தால் பிறந்தது. 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் அவரை அமர்த்த வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. 2020இல் இயற்றப்பட்ட சட்டத் தொகுப்பு அவ்வெண்ணை 250 ஆகக் குறைத்தது. அப்பணிக்குரிய கல்வித் தகுதியை அரசு விதிகளே வரையறுக்கின்றன. சேருமுன் அவ்விதிகளைப் படித்துப் பாருங்கள். பெயரை நம்பாதீர்கள். ஜாம்ஷெட்பூரில் 1949இல் தோன்றிய சேவியர் நிறுவனம், பணியாளர் மேலாண்மையும் தொழில் உறவுகளும் என்று நடத்திய படிப்பையே பின்னர் மனித வள மேலாண்மை எனப் பெயர் மாற்றிற்று. பாடத்திட்டத்தில் தொழிற்சங்கம், கூட்டுப் பேரம், சமரசம், தொழிலாளர் சட்டம் ஆகியவற்றிற்கு எத்தனை தாள்கள் உள்ளன என்று எண்ணுங்கள்.

மனித வளப் படிப்பை நாம் இகழவில்லை. தனியார் துறையில் நமக்கு இட ஒதுக்கீடு இல்லை. அங்கே ஆள் தேர்வு செய்யும் நாற்காலியில் அமர்வோருள் நம்மவர் எத்தனை பேர்? அந்நாற்காலிக்கு அப்படிப்பு வழி.

எனினும் நம் மனம் மற்றதன் பக்கமே சாய்கின்றது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைத் தாங்கியவர். வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்னும் 1946ஆம் ஆண்டுத் திருத்தம் அவர் காலத்தது. சங்கத்திற்குள்ளும் சாதி உண்டு என்பதை நாம் 1921இலேயே கண்டோம். சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளரும் பிறரும் பிளவுபட்டனர். புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்தன. இதனைப் பாடநூலின்றியே அறிந்தவர் ஒருவர் சமரச மேசையில் அமர்வது நன்றன்றோ?

சென்னையில் தமிழக அரசு நடத்தும் தொழிலாளர் கல்வி நிலையத்தையும் விசாரிக்குமாறு அம்மாணவியிடம் சொன்னோம். அவர் தொழிலாளர் மேலாண்மையையே தேர்ந்தார். காரணம் நாம் கூறியவை அல்ல. ஒப்பந்தக்காரர் தம் தாயின் ஊதியத்தில் மாதந்தோறும் பிடிக்கும் தொகை எங்கே செல்கின்றது என்று அறிய வேண்டுமாம்.