பழுது பார்க்கும் உரிமையை மீட்போம்!

(நுகர்வோர் உரிமை குறித்து தில்லியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கடந்த ஆண்டு ஒரு மாலையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி திடீரென இருண்டது. செய்தி வாசிப்பவரின் குரல் கேட்டது. திரையில் எதுவும் தெரியவில்லை. வாங்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. உத்தரவாதமோ ஓராண்டுக்குத்தான். சேவை மையத்திலிருந்து வந்த இளைஞர் ஐந்து நிமிடம் பார்த்தார். "பேனல் போய்விட்டது சார். மாற்றுவதற்கு 18,000 ரூபாய் ஆகும். இன்னும் கொஞ்சம் போட்டால் புதியதே வாங்கிவிடலாம்" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. சொல்லச் சொன்னதைச் சொன்னார்.

மனம் கேட்காமல், செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜபதி ராய் சந்தைக்குப் பெட்டியை எடுத்துச் சென்றேன். அங்கிருந்த முதிய மெக்கானிக் கடை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் மீது டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினார். மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது! "பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் விளக்குதான் அணைந்துவிட்டது" என்றார். மறுநாள் 2,200 ரூபாய்க்கு அந்தப் பெட்டி உயிர்பெற்றது. இன்றுவரை ஓடுகிறது.

18,000 ரூபாய்க்கும் 2,200 ரூபாய்க்கும் இடையே இருப்பது என்ன? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

விதியல்ல, வடிவமைப்பு

இன்றைய எல்இடி தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவற்றின் திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் பட்டை பட்டையாகச் சிறு எல்இடி விளக்குகள் உள்ளன. அவை ஒரே சரத்தில் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று கருகினாலே அந்தச் சரம் முழுவதும் அணையும். பல பெட்டிகளில் பாதுகாப்புச் சுற்று ஒட்டுமொத்த ஒளியையும் நிறுத்திவிடும். செலவைக் குறைக்க விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பவற்றில் அதிக மின்னோட்டத்தைச் செலுத்தினால் வெப்பம் ஏறும், ஆயுள் குறையும். இது பொறியியல் படித்த எவருக்கும் தெரிந்த உண்மை. ஆக, பெட்டியின் ஆயுள் தற்செயலாக அமைவதல்ல. உற்பத்திச் செலவைக் கணக்கிடும் மேசையில் தீர்மானிக்கப்படுகிறது.

இதற்கு வரலாறும் உண்டு. 1924இல் உலகின் முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனிவாவில் கூடி 'ஃபீபஸ்' என்னும் கூட்டணியை அமைத்தன. அதற்கு முன் 1,500 மணி நேரத்துக்கு மேல் எரிந்த விளக்குகளின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்தன. அதற்கு மேல் எரியும் விளக்கைத் தயாரித்த உறுப்பு நிறுவனத்துக்கு அபராதமும் விதித்தன! இன்று அப்படியொரு ரகசிய ஒப்பந்தம் தேவையில்லை. பொருள் எவ்வளவு விரைவில் சாகிறதோ, அவ்வளவு விரைவில் மூலதனம் லாபத்துடன் திரும்புகிறது. அந்த விதியே போதும்.

பூட்டப்பட்ட அறிவு

அந்த மெக்கானிக் சொன்னார்: "பழைய பெட்டிகளின் சர்க்யூட் வரைபடங்கள் புத்தகமாகவே கடைகளில் கிடைக்கும். அதைப் படித்துத்தான் தொழில் கற்றேன். இப்போது வரைபடமும் கிடைப்பதில்லை, கம்பெனி உதிரிபாகமும் கிடைப்பதில்லை. உடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றித்தான் வேலை செய்கிறோம்."

இது ஒரு துறையின் பிரச்சனை மட்டுமல்ல. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் சுயேச்சையான பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக, 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கார் விஷயத்தில் குற்றமாக இருப்பது, தொலைக்காட்சி விஷயத்தில் எப்படி நியாயமாகும்?

கழிவு யார் தலையில்?

பழுது பார்க்க மறுக்கப்பட்ட பெட்டி எங்கே போகிறது? இதே தில்லியின் சீலம்பூருக்குச் சென்று பாருங்கள். கையுறைகூட இல்லாமல் தொழிலாளர்கள் பலகைகளை உடைக்கிறார்கள். அவர்களது நுரையீரலில் நச்சுப் புகை நிறைகிறது. 2022இல் உலகம் உருவாக்கிய மின்னணுக் கழிவு 620 லட்சம் டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. லாபம் நிறுவனங்களுக்கு, நஞ்சு உழைப்பாளிகளுக்கு!

அரசு என்ன செய்கிறது?

ஒன்றிய அரசு 2022இல் 'பழுது பார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. ஆனால் அந்தத் தளத்தில் தகவல் தருவதா, வேண்டாமா என்பது நிறுவனங்களின் விருப்பம். கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாத உரிமை, உரிமையல்ல, சலுகை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், மின்வழங்கி உள்ளிட்ட சில முக்கிய உதிரிபாகங்களை 7 ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்வது தொலைக்காட்சி நிறுவனங்களின் கட்டாயக் கடமை. பிரான்சில் அதே ஆண்டு முதல் தொலைக்காட்சிகளைப் பழுது பார்க்கும் வசதிக்கான மதிப்பெண்ணைக் காட்டியே விற்க வேண்டும் என்றானது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. உதிரிபாகங்களையும் வரைபடங்களையும் நியாயமான விலையில் எல்லா மெக்கானிக்குகளுக்கும் தரச் சட்டம் வேண்டும். உத்தரவாதக் காலத்தை உயர்த்த வேண்டும். பழுது பார்க்கும் தொழிலாளர்களுக்கும் கழிவு பிரிக்கும் தொழிலாளர்களுக்கும் சமூகப் பாதுகாப்பு வேண்டும்.

அதுவரை நம் வீட்டிலும் சில காரியங்கள் செய்யலாம். திரையின் பின்னொளி அளவை உச்சத்திலிருந்து குறைத்து வையுங்கள். விளக்குகளின் ஆயுள் கூடும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "பேனல் போய்விட்டது" என்றால் எழுத்தில் கேளுங்கள். குரல் வந்து படம் வராவிட்டால், டார்ச் அடித்துப் பாருங்கள். ஆனால் பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கிறது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

நண்பர்களே, விடைபெறும்போது அந்த மெக்கானிக்கிடம், "உங்களுக்குப் பிறகு கடையை யார் நடத்துவார்கள்?" என்று கேட்டேன். "மகன் பொருள் விநியோகம் செய்யும் வேலைக்குப் போகிறான். புதுப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்" என்றார்.

தந்தை காப்பாற்றிய பெட்டிகளுக்குப் பதிலாகப் புதியவற்றைச் சுமக்கிறார் மகன். நாற்பதாண்டுக் கால அறிவு ஒரு தலைமுறையோடு அழிவதை நாம் வேடிக்கை பார்க்கப் போகிறோமா? காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது எனில், அதைத் திறக்கவும் திருத்தவும் உள்ள உரிமையும் நம்முடையதே. அந்த உரிமைக்கான போராட்டத்தில், பயன்படுத்துவோரும் பழுது பார்ப்போரும் ஒன்றாக நிற்போம்.