கேமரா முன் நிறுத்தப்பட்டவர்
(தென்கொரியாவில் போதை வழக்கும் பொது அவமானமும் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இதழியலுக்கென அமைந்த அறக்கட்டளையில் பேச அழைத்துவிட்டுத் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டீர்கள். கொரியாவை ஏன் எடுத்தேன் என்று சிலர் கேட்கலாம். உங்களில் பலர் வீட்டில் கொரியத் தொடர் ஓடுகிறது. 'பாரசைட்' ஆஸ்கர் வாங்கியபோது, அது எங்கள் 'மின்சார கண்ணா' கதைதான் என்று உரிமை கொண்டாடிய ஊர் நம்முடையது. அந்த நடிகர்களின் முகங்கள் நமக்குப் பழகியவை. அவற்றில் ஒரு முகத்துக்கு நேர்ந்ததை வைத்து இன்று பேசுகிறேன்.

'பாரசைட்' படத்தில் பணக்கார வீட்டுக்காரராக, ஓட்டுநரின் உடல் வாடைக்கு மூக்கைச் சுளிப்பவராக வந்தாரே, அவர்தான் லீ சன்-கியுன். 2018-ல் வந்த 'மை மிஸ்டர்' தொடரில் அலுவலகத்தில் ஒடுங்கிப்போன நடுவயதுப் பொறியாளராக நடித்து, கொரியர்களின் வீட்டு மனிதரானவர். 2023 அக்டோபர் 19 அன்று ஓர் உள்ளூர் நாளிதழ், போதை வழக்கில் 'எல்' என்ற முன்னணி நடிகரை இன்சியோன் காவல்துறை விசாரிக்கிறது என்று எழுதியது. மறுநாளே அந்த எழுத்து யாரென்று நாட்டுக்கே தெரிந்துவிட்டது. காவல்துறை அப்போது பூர்வாங்க விசாரணையில்தான் இருந்தது. முறைப்படி வழக்குப் பதிவானது அக்டோபர் 23-ல். அதாவது, ஆள் ஊருக்கு முதலில் அம்பலமானார். வழக்கு அதன் பிறகு வந்தது.

அதன்பின் இரண்டு மாதம். மூன்று முறை காவல் நிலையம். முதல் அழைப்பிலேயே சிறுநீர்ச் சோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை. தலைமுடியை வெட்டித் தேசியத் தடயவியல் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள், அதிலும் இல்லை. நடிகர் தரப்பு சொன்னது இது: மதுக்கூட விடுதிப் பெண் ஒருவர் என்னை ஏமாற்றிக் கொடுத்ததை என்னவென்று தெரியாமல் எடுத்தேன், அதை வைத்தே என்னை மிரட்டி 35 கோடி வொன் பறித்தார்கள். அந்தப் புகாரையும் அவரே கொடுத்திருந்தார். பரிசோதனை முடிவுகள் இப்படி வந்துகொண்டிருந்த நவம்பரில், 24-ஆம் தேதி, அரசுத் துறை ஒளிபரப்பான கே.பி.எஸ்., அவரும் அந்தப் பெண்ணும் பேசிய தனிப்பட்ட தொலைபேசி உரையாடலை ஒளிபரப்பியது. வழக்குக்கும் அந்தக் கொஞ்சல் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள மனிதரின் அந்தரங்கம் இரவுச் செய்தியானது.

மூன்றாவது அழைப்பு டிசம்பர் 23, சனிக்கிழமை. இந்த முறையாவது கேமராக்கள் இல்லாமல் உள்ளே வரவிடுங்கள் என்று வழக்கறிஞர் கேட்டார், காவல்துறை மறுத்தது. காலை பத்து மணிக்கு நிருபர் கூட்டத்தின் நடுவே உள்ளே போனவர், மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் வெளியே வந்தார். பத்தொன்பது மணி நேரம். வெளியே வந்தபோதும் கேமராக்கள் இருந்தன. 26-ஆம் தேதி, உண்மை கண்டறியும் சோதனைக்கு என்னை உட்படுத்துங்கள் என்று எழுத்து மூலம் கேட்டார். 27-ஆம் தேதி காலை சியோலில் ஒரு பூங்கா அருகே, காருக்குள் இறந்து கிடந்தார். வயது 48.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் வெளிநாட்டு ஏடுகள் ஒரு விளக்கத்தைத் தயாராக வைத்திருக்கின்றன: கொரியா கன்பூசியஸ் வழி நடக்கும் சமூகம், அங்கே மானம்தான் உயிர், எனவே இப்படி. இந்த விளக்கம் எனக்கு ஒப்பாது. பண்பாடு என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மழை பெய்தது என்பதைப் போல ஆகிவிடும். நான் படித்தவரையில் இது தானாக விளைந்த பண்பாடு அல்ல. இன்ன ஆண்டில், இன்னார், இன்ன தேவைக்காக ஒவ்வொரு பாகமாகச் செய்து பூட்டிய ஏற்பாடு.

முதல் பாகத்துக்கு 1975-க்குப் போக வேண்டும். அதுவரை கஞ்சாச் செடி கொரியக் கிராமங்களில் விவசாயப் பயிர். அதன் நாரில் நெய்த துணிதான் இறந்தவருக்குப் போர்த்தும் ஆடை. ஆண்டோங் பகுதி அந்த நெசவுக்கு இன்றும் பேர்போனது. அந்தச் செடியின் இலையைப் புகைப்பது பெரிய பாவமாக ஆனது அதிபர் பார்க் சுங்-ஹீயின் சர்வாதிகாரத்தில்தான். நீண்ட முடியையும் குட்டைப் பாவாடையையும் தெருவில் அளவெடுத்துப் பிடித்த ஆட்சி அது. 1975 டிசம்பரில் பாடகர்களையும் இசைக் கலைஞர்களையும் கஞ்சா வழக்கில் வரிசையாக அள்ளினார்கள். அதில் பெரிய தலை ஷின் ஜுங்-ஹியான். அமெரிக்க ராணுவ முகாம்களின் மேடைகளில் கிதார் வாசித்து வளர்ந்தவர். கொரிய ராக் இசையின் தந்தை என்று அழைக்கப்படுபவர். அதிபரைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் போடச் சொல்லி 1972-ல் கேட்டபோது மறுத்தவர். கைதான பிறகு சித்திரவதைக்கும் மனநல மருத்துவமனை அடைப்புக்கும் ஆளானதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1979 அக்டோபரில் அதிபர் கொல்லப்படும் வரை அவரால் மேடை ஏற முடியவில்லை.

கவனியுங்கள், கஞ்சாவுக்கென்று தனிச் சட்டம் வந்தது 1976-ல். கலைஞர்களின் படங்கள் பத்திரிகையில் வந்தது அதற்கு முன்னால். போதை என்றால் நோய் அல்ல, தேசத்துரோகம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் அப்போது பதிந்தது. ஆட்சி மாறியது, ஜனநாயகம் வந்தது, அந்த எண்ணம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் கஞ்சா புகைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. அது குற்றமே அல்லாத நாட்டில் புகைத்துவிட்டு ஊர் திரும்பும் கொரியருக்கும் அதே தண்டனை. 2018-ல் மருத்துவத் தேவைக்கு மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள்.

அடுத்த பாகம், அந்தக் கேமரா வரிசை. இதன் பிறப்பு வேடிக்கையானது. 1993 ஜனவரியில் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு-யுங் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு விசாரணைக்கு வந்தபோது, முண்டியடித்த கூட்டத்தில் ஒரு கேமரா அவர் நெற்றியில் இடித்து ரத்தம் வந்துவிட்டது. தள்ளுமுள்ளைத் தவிர்க்கப் புகைப்படக்காரர்கள் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள்: தரையில் ஒரு கோடு, வருகிறவர் அதில் சற்று நிற்பார், எல்லோரும் அமைதியாகப் படம் எடுத்துக்கொள்வோம். யாருக்கும் அடிபடக் கூடாது என்று போட்ட கோடு, நாளடைவில் தீர்ப்புக்கு முன்பே தண்டனை கொடுக்கும் இடமாகிவிட்டது. கறுப்பு உடை, குனிந்த தலை, 'பரபரப்பு ஏற்படுத்தியதற்கு மன்னிக்கவும்' என்ற ஒரே வாக்கியம். செய்தேன் என்றும் இல்லை, செய்யவில்லை என்றும் இல்லை. 2019-ல் அரசு வழக்கறிஞர் துறை, விசாரணைக்கு வருபவரின் வருகையைப் பகிரங்கப்படுத்தும் வழக்கத்தையே ரத்து செய்தது. காவல்துறைக்கும் அதே போன்ற விதி உண்டு. லீ சன்-கியுன் மூன்று முறை கேமராக்களுக்கு நடுவே நடந்தது, இந்த விதிகள் எல்லாம் ஏட்டில் இருக்கும்போதுதான்.

ஏட்டில் இன்னொன்றும் இருக்கிறது. கொரியக் குற்றவியல் சட்டத்தின் 126-ஆவது பிரிவு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதற்கு முன் விசாரணை விவரத்தை வெளியிடும் அதிகாரிக்கு மூன்று ஆண்டு வரை சிறை. 1953-லிருந்து இருக்கும் பிரிவு. தண்டிக்கப்பட்டவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2009-ல் முன்னாள் அதிபர் ரோ மூ-ஹியூன்மீது லஞ்ச விசாரணை நடந்தபோது, பரிசாக வந்த கைக்கடிகாரத்தை வயல் வரப்பில் வீசினார்கள் என்ற கதை கசிந்து நாடே சிரித்தது. சில நாட்களில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போதும் கசிவைத் தடுப்போம் என்று பேசினார்கள். பதினான்கு ஆண்டு கழித்து அதே கதை. லீ வழக்கின் உள் அறிக்கையைக் கசியவிட்டதாகப் பின்னர் சிக்கியவர், இன்சியோன் காவல்துறையின் அதிகாரியேதான்.

காவல்துறைக்கு ஏன் இத்தனை அவசரம்? 2022 அக்டோபரில் அன்றைய அதிபர் யூன் சுக்-யோல் போதைக்கு எதிராகப் போர் அறிவித்திருந்தார். 2023 ஏப்ரலில் சியோலின் டியூஷன் வீதியான தேச்சி-தோங்கில், ஞாபகசக்தி பானம் என்று சொல்லி மெத்தாம்பெட்டமைன் கலந்த புட்டியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பெற்றோர் நடுங்கியதில் வியப்பில்லை. 2022-ல் 18,395 ஆக இருந்த போதைக் குற்றவாளிகளின் எண்ணிக்கை 2023-ல் 27,611 ஆனது; அதுவரை கண்டிராத உச்சம். பயம் உண்மையானது, பிரச்சினையும் உண்மையானது. ஆனால் போர் என்றால் வெற்றி காட்ட வேண்டும். கப்பலில் வந்த சரக்கைப் பிடித்தால் ஒரு பத்திச் செய்தி. நடிகரைப் பிடித்தால் ஒரு மாதச் செய்தி. அதே இன்சியோன் பிரிவு அதே அக்டோபரில் பிக்பேங் குழுவின் ஜி-டிராகனையும் வழக்கில் சேர்த்தது. முடியும் நகமும் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, டிசம்பரில் விடுவித்தார்கள்.

இந்தப் போரில் மருத்துவம் எங்கே என்று கேட்டால் பதில் சங்கடமானது. போதை அடிமைகளுக்குச் சிகிச்சை தருவதில் நாட்டிலேயே பெயர்பெற்ற மருத்துவமனை ஒன்று இதே இன்சியோன் நகரில்தான் இருக்கிறது. நாட்டின் சுமையை அப்படிப்பட்ட ஒன்றிரண்டு மருத்துவமனைகளே தாங்குகின்றன. மீண்டவர்களே நடத்தும் மறுவாழ்வு இல்லம் ஒன்று 2023-ல் நாம்யாங்ஜு நகரில் பள்ளிக்கு அருகே இடம் மாறியபோது பெற்றோர் கொடி பிடித்தார்கள்; நகர நிர்வாகமே புகார் கொடுத்தது. போதையிலிருந்து மீண்டுகொண்டிருந்த பாடகர் நாம் தே-ஹியூன், 2023 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு முன் நின்று, மறுவாழ்வு இல்லங்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து 'எல்' நடிகர் செய்தி வந்தது. அந்தப் பாடகர் கேட்டதை அதன்பிறகு யார் பேசப்போகிறார்கள்? வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டதே.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாகாது. 2019-ல் 'பர்னிங் சன்' இரவு விடுதி விவகாரத்தில், பெண்களுக்கு நடந்த கொடுமைகளும், பாடகர்களின் வக்கிரமும், அவர்களுக்குக் காவல்துறையில் இருந்த நெருக்கமும் வெளியே வந்ததற்குக் கசிவும் நிருபர்களின் பிடிவாதமும்தான் காரணம். அன்று பத்திரிகை வாய் மூடியிருந்தால் அந்தப் பெண்களுக்கு நீதி இல்லை. நடிகர் யூ ஆ-இன் வழக்கில் மயக்க மருந்துப் பயன்பாடு நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் பட்டது. ஆகவே பிரபலங்களைத் தொடாதே என்பது என் வாதமல்ல. ஒருவரால் இன்னொருவர் பாதிக்கப்பட்ட வழக்கையும், ஒருவர் தன் உடம்புக்குத் தானே செய்துகொண்டதாகச் சந்தேகிக்கப்படும் வழக்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறேன். கொரிய ஊடகம் இரண்டாவதற்குத்தான் அதிக மை செலவழிக்கிறது.

தண்டனை முடிந்த பிறகாவது விடுவார்களா? கிம் சே-ரோன் குழந்தை நட்சத்திரமாக வளர்ந்தவர். 2022 மே மாதம் குடித்துவிட்டுக் கார் ஓட்டி மின்மாற்றிப் பெட்டியில் மோதினார்; சுற்றியிருந்த கடைகளுக்கு மின்சாரம் போயிற்று. தப்புத்தான். மன்னிப்புக் கேட்டார், கடைக்காரர்களுக்கு இழப்பீடு கொடுத்தார், இரண்டு கோடி வொன் அபராதம் கட்டினார். சட்டத்தின் கணக்கு அதோடு தீர்ந்தது. ஊரின் கணக்கு தீரவில்லை. காபிக் கடையில் வேலை பார்ப்பதாகப் போட்ட படமும் நடிப்பு என்றார்கள். 2024-ல் நாடக மேடை வழியாகத் திரும்பப் பார்த்தார். செய்தி வெளியான கையோடு விலகினார். 2025 பிப்ரவரி 16 அன்று உயிர் நீத்தார். வயது 24.

பூட்டிய பாகங்களைக் கழற்றவும் முடியும் என்பதற்குக் கொரியாவிலேயே சான்று உண்டு. இணைய வசவுக்கு ஆளாகியிருந்த பாடகி சல்லி 2019 அக்டோபரில் இறந்த பிறகு 'தாவும்' தளமும், 2020 மார்ச்சில் 'நேவர்' தளமும் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கருத்து எழுதும் வசதியை மூடின. நாட்டின் பெரும்பாலோர் செய்தி படிக்கும் இடங்கள் அவை. வசவு யூடியூபுக்குக் குடிபெயர்ந்தது என்பதும் உண்மை. அங்கே பிறரைப் பற்றிய அவதூறே சிலருக்கு முழுநேரத் தொழில். பாடகி ஜாங் வொன்-யங்கைப் பற்றிப் பொய் பரப்பிய ஒரு சேனலின் முகமூடியைக் கழற்ற அவர் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் அந்த நபருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும், சேனலில் சம்பாதித்த 21 கோடி வொன் பறிமுதலும் விதிக்கப்பட்டன. பணத்தில் கை வைத்த அந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது.

2024 ஜனவரி 12 அன்று இயக்குநர் போங் ஜூன்-ஹோ, சக கலைஞர்களுடன் சியோல் பத்திரிகையாளர் மையத்தில் நின்று, விசாரணையில் நடந்தது என்ன என்று விளக்கம் கேட்டார், கே.பி.எஸ். அந்த ஒலிப்பதிவுச் செய்தியை நீக்க வேண்டும் என்றார்கள். சட்டத்தைத் திருத்தச் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைத்துறையினர் ஆதரவு தெரிவித்தனர். நடிகரை மிரட்டிப் பணம் பறித்த இருவருக்கு அந்த ஆண்டு டிசம்பரில் இன்சியோன் மாவட்ட நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. லீ சன்-கியுன் மீதான போதை வழக்கு, அவர் இறந்துவிட்டதால் தொடர வழியில்லை என்று மூடப்பட்டது. எந்த நீதிபதியும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. நிரபராதி என்று சொல்லவும் இனி வழியில்லை.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் குற்றச் செய்தி மேசையில் உட்காருவீர்கள். காவல் நிலையத்திலிருந்து ஒருவர் அழைத்து, 'ஒரு பெரிய பெயர் இருக்கிறது' என்பார். பரிசோதனை முடிவு வந்துவிட்டதா, இதை எனக்கு ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று அவரைக் கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை அந்தப் பெயரை உங்கள் குறிப்பேட்டிலேயே வைத்திருங்கள்.