ஒப்படைக்கும் நாளுக்கு ஆயத்தம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழா மேடையில் மரணத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் செய்துவிட்டுச் சென்ற பணியின் பயனை நாம் நுகர்கிறோம். ஆகவே, இறைவன் தந்த நோக்கத்தை நிறைவேற்றி மரணத்திற்கு ஆயத்தமாதல் என்னும் பொருள் குறித்துச் சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விழைகிறோம். கிறித்தவ மறையின் போதனையையே பெரிதும் எடுத்துரைக்கிறோம். நம் சங்கத்தில் கோயிலுக்குச் செல்வோரும் உளர். தேவாலயத்திற்குச் செல்வோரும் உளர். இரண்டுக்கும் செல்லாதோரும் உளர். மரணம் எல்லோருக்கும் பொது. ஆதலின் எல்லோரும் செவிமடுக்க வேண்டுகிறோம்.

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் மரணம் நம் மக்களுக்கு அயலான செய்தி அன்று. ஊரில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் உறவூர்களுக்குச் சேதி கொண்டு ஓடியவர் நம் பாட்டனார். தப்பட்டை அடித்தவர் நம் பெரியப்பா. குழி வெட்டியவர் நம் மாமன். பிறர் மரணத்திற்கெல்லாம் ஏவல் செய்த நம் முன்னோர்க்குத் தம் மரணத்தைப் பற்றி எண்ண ஓய்வு இருந்ததில்லை. ‘விதி முடிந்தது, போய்விட்டான்’ என்ற ஒரே சொல்லில் ஒரு முழு வாழ்வின் கணக்கையும் முடித்துக்கொண்டார்கள்.

இளைஞர்களே! விதியென்று கிடப்பதும் மரணத்திற்கு ஆயத்தமாவதும் ஒன்றல்ல. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையில் உயர்ந்த மதிற்சுவர் ஒன்று இடிந்து வீடுகளின்மேல் வீழ்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த நம் மக்கள் 17 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவருள் அடக்கம். மனிதரைக் கொண்டு மலக்குழியை அள்ளச் செய்வதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்துள்ளன. அவ்வாறிருந்தும் சாக்கடைக்குள் இறங்கி நச்சுக்காற்றால் மடிவோர் செய்தி நாளிதழ்களில் வந்தவண்ணமே இருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணத்திற்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. இவற்றை இறைவனின் சித்தம் என்று யாரேனும் உங்களிடம் கூறினால் நம்பாதீர்கள். மலக்குழியில் மூச்சடைத்துச் சாவதற்கென்று இறைவன் ஒருவரையும் படைக்கவில்லை. காலத்திற்கு முன் நேரும் இச்சாவுகளைத் தடுப்பதும் அவன் நமக்கு இட்ட பணிகளுள் ஒன்றாகும்.

அவ்வாறாயின் ஆயத்தம் என்பது யாது? நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தலைமையாசிரியர் ஒருவருக்கு மாறுதல் ஆணை எந்த நாளும் வரலாம். வந்தவுடன் அவர் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்தல் வேண்டும். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, பணப் பதிவேடு, அலமாரிச் சாவி ஆகிய யாவற்றையும் பட்டியலிட்டுக் கையொப்பமிட்டுத் தருதல் வேண்டும். அன்றாடம் எழுத வேண்டியதை அன்றாடம் எழுதியவர் ஆணையைக் கண்டு கலங்குவதில்லை. நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டவரோ இரவெல்லாம் விழித்திருந்தும் முடிக்க இயலாமல் தவிக்கிறார். மரணமும் ஒரு மாறுதல் ஆணையே. அது வரும் நாளை நாம் அறியோம். பதிவேடு மட்டும் நம் கையில் இருக்கிறது.

மத்தேயு எழுதிய நற்செய்தி நூலில் இயேசு பெருமான் கூறிய தாலந்து உவமையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஒரு தலைவன் வெளியூர் செல்லுமுன் தன் ஊழியர் மூவரிடம் ஐந்து தாலந்து, இரண்டு தாலந்து, ஒரு தாலந்து என ஒப்படைத்தான். முதல் இருவரும் வணிகம் செய்து பெருக்கினர். ஒன்றைப் பெற்றவனோ அதை மண்ணில் புதைத்தான். அவனுக்குக் கிடைத்தது அற்பத் தொகை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்நாளில் ஒரு தாலந்து வெள்ளி என்பது கூலியாள் ஒருவர் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்துப் பெறும் கூலிக்கு ஈடு. அவன் கையில் இருந்தது சிறிதன்று. அவன்தான் அதைச் சிறிதென நினைத்து அஞ்சினான். ‘நமக்கு நிலமில்லை, பணமில்லை, நம்மால் என்ன ஆகும்?’ என்று கூறிப் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் நம் பிள்ளைகளும் அந்த ஒரு தாலந்தை மண்ணில் புதைப்பவர்களே.

இந்தப் போதனையை வாழ்ந்து காட்டிய தமிழர் ஒருவரை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ஆம் ஆண்டு, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில், ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். அவர் பிறந்த நாடார் சமூகத்தாரும் அந்நாளில் பெருங்கோயில்களுக்குள் நுழைய இயலாதவர்களாக இருந்தனர். 1909-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்று, நிசாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் என்னும் ஊருக்கு ஊழியம் செய்யச் சென்றார். அங்கு அவர் பணி பெரும்பாலும் நிலமற்ற மாலர், மாதிகர் ஆகிய மக்களிடையே நடந்தது. கொங்கு நாட்டு அருந்ததியருள் பலர் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். ஆகவே மாதிகர் என்ற பெயரைக் கேட்டவுடன், தொலைவில் வாழும் நம் உறவினரைப் பற்றிய கதை இது என்பதை உணர்வீர்கள்.

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. பதவி வந்தபின்னும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சேரிசேரியாகச் சென்றார். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவரைத் தம் தலைமேல் தாமே கைவைத்து, நற்செய்தியைப் பிறர்க்கு அறிவிப்பது தம் கடமை என்று உறுதி கூறச் செய்தார். அவருள் பலர் எழுத்தறியாத கூலிகள். ஊரார் ஏறிட்டும் பாராத அம்மனிதரிடம், ‘உனக்கும் இறைவன் ஒரு பணி வைத்திருக்கிறான்’ என்று முதல் நாளிலேயே உணர்த்திய பெருந்தகை அவர்.

1935-ஆம் ஆண்டளவில் அவரது மறைமாவட்டத்தில் ஏறத்தாழ 250 இந்தியக் குருமாரும் 2,000-க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் பணியாற்றினர். மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகங்களும் நடைபெற்றன. ஆசிரியராகிய நம்மை அந்த இரண்டாயிரம் என்னும் எண்ணே பெரிதும் ஈர்க்கிறது. தாம் ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. தமக்குப் பின்னும் பணி நடக்கும்படி ஆட்களை ஆயத்தம் செய்தார்.

அவர் மனத்தில் மற்றொரு பெரும் நோக்கமும் இருந்தது. பிரிந்து கிடக்கும் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்பதே அது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடியவர்களோடு அதற்கு அடித்தளமிட்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1945 ஜனவரி 1-ஆம் நாள் தோர்ணக்கல்லில் அவர் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததோ 1947 செப்டம்பர் 27-இல். அந்த நாளை அவர் காணவில்லை. மோசே நேபோ மலைமேல் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்டார். அதில் கால் வைக்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் எழுதி முடித்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூல், அவர் 1956 டிசம்பர் 6-இல் மறைந்தபின் 1957-இல்தான் வெளிவந்தது. இவர்கள் வாழ்வைக் குறைபட்ட வாழ்வு என்று யார் கூறுவர்? தமக்குரிய பங்கை அவர்கள் செய்து முடித்தார்கள். பயிர் விளைந்ததைக் காண்பது உழுதவனுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆயத்தம் என்பது செபத்தோடு மட்டும் முடிவதில்லை. குடும்பத் தலைவர் இறந்தபின் வட்டிக்காரர் சொல்லித்தான் கடன் இருப்பதே மனைவிக்குத் தெரியவருகிறது. வீட்டுமனைப் பட்டா எங்கே, சேமநலநிதி எண் என்ன என்று பிள்ளைகள் அலைகிறார்கள். இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் தெய்வப் பணியே. கருமாதிக்கும் கல்லறைக்கும் கடன் வாங்கிச் செலவிட்டு, அதே ஆண்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கையை விரிக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். இழவு வீட்டில் மது ஓடுவதும் நிற்க வேண்டும். இறந்தவர் பெயரால் ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக் கட்டணம் செலுத்துவோமாயின், அவர் செய்யாது விட்ட பணியிலும் ஒரு பகுதி நிறைவேறும்.

பெரியோர்களே, ஒன்று கூறுவோம், சினம் கொள்ளாதீர்கள். இச்சங்கத்தின் கணக்கேடும் சாவியும் நம் வயதொத்தவர் கையிலேயே இருக்கின்றன. இன்று நமக்கு ஆணை வந்தால் ஒப்படைக்க ஆள் இருக்கிறதா? முப்பது வயதுக்குட்பட்ட இருவரையேனும் ஒவ்வொரு பொறுப்பிலும் நம்மோடு அமர்த்திப் பழக்குவோம். இளைஞர்களே, நீங்களும் ‘அழைத்தால் வருவோம்’ என்று ஒதுங்கி நிற்காதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். சாக்கடையில் இறங்கச் சொல்பவரிடம் சட்டத்தைக் காட்டி மறுக்க உங்கள் தெருவாருக்குக் கற்பியுங்கள். இருசக்கர வண்டியின் வேகத்திலும் மதுவிலும் உயிரை வீணாக்காதீர்கள். அது உங்கள் தந்தை தாயர் நாற்பது ஆண்டு கூலி செய்து காத்த தாலந்து.

பவுல் அடியார் சிறையில் இருந்து தம் மாணாக்கராகிய தீமோத்தேயுவுக்கு எழுதிய மடலில், ஓட்டத்தை ஓடி முடித்த வீரரைப் போலத் தம்மைக் குறிப்பிடுகிறார். மரணம் அருகில் இருப்பதை அறிந்தும் அம்மடலில் அச்சம் இல்லை. பணியைத் தொடர ஒரு மாணாக்கர் இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. நமக்கும் அத்தகைய மாணாக்கர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை இன்றே அருகழைத்துப் பணியைப் பகிர்ந்தளிப்போமாக. இச்சங்கத்தின் பொன்விழாவைக் காணும் பேறு நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்குமோ, இறைவனே அறிவான். அன்று இங்கு அமர்வோர் வியந்து பார்க்கும்படி நம் பதிவேடுகள் நிறைந்திருக்கட்டும்.