மாணவர் நாடக விழாவும் நம் கடமையும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இந்த 25 ஆண்டுகளில் நம் கழகம் செய்த பணிகளைச் செயலாளர் அவர்களின் அறிக்கை விரிவாகக் கூறும். எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருள் வேறு. பள்ளிகளுக்கிடையே நடைபெறும் நாடக விழாக்களில் நம் பிள்ளைகள் கலந்துகொள்ளலாமா? கலந்துகொள்வதாயின் எத்தகைய நாடகத்தை எடுத்துச் செல்ல வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுமாறு செயற்குழு எங்களைப் பணித்திருக்கிறது.

சென்ற செயற்குழுவில் ஒரு பெரியவர் எழுந்து, "தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்குக் கூத்து எதற்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. கூத்தாடி என்பது நம்மீது ஏச்சாக வீசப்பட்ட சொல். பிறர் வீட்டுச் சாவுக்குப் பறையடிக்கவும், பிறர் ஊர்த் திருவிழாவில் தள்ளி நின்று ஆடவும் நம் முன்னோர் ஏவப்பட்டார்கள். அந்த வடு ஆறாத நெஞ்சம், பேரப்பிள்ளை முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு நிற்பதைக் காணக் கூசுவது இயல்பே. ஆயினும் பெரியோர்களே, ஏவலுக்கு ஆடுவது வேறு; எண்ணி, எழுதி, நடிப்பது வேறு. முன்னது அடிமைத் தொழில். பின்னது கல்வியின் ஒரு பகுதி. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டோர் கல்விக்கு வழிகாட்டியவரே அச்சான்றையும் விட்டுச் சென்றிருக்கிறார்.

1848இல் புனே நகரில் பெண்களுக்கெனப் பள்ளி திறந்த மகாத்மா ஜோதிராவ் பூலே, 1855இல் ஒரு நாடகம் எழுதினார். மூன்றாம் மணி எனப் பொருள்படும் 'திருதீய ரத்னா' என்பது அதன் பெயர். அப்போது அவருக்கு வயது 28. உழவர் வீடொன்றில் கருவுற்றிருக்கும் பெண்ணிடம் புரோகிதர் ஒருவர் கிரகங்களைக் காட்டி அச்சமூட்டி, சடங்கின் பெயரால் அந்த ஏழைக் குடும்பத்தின் கைப்பொருளைக் கறக்கிறார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையை அந்நாடகத்தில் விதூஷகன் செய்கிறான். இடையில் நுழைந்து, ஏமாற்று எங்கே நடக்கிறது என்று அவையோருக்குச் சுட்டிக் காட்டுகிறான். இறுதியில் தங்கள் துயரின் வேர் கல்லாமையே என்று உணர்ந்த கணவனும் மனைவியும் படிக்கச் செல்வதென்று முடிவு செய்கிறார்கள். நம் மாலைப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான கதை உண்டா?

அந்த நாடகத்தைப் பூலே தட்சிணா பரிசுக் குழுவுக்கு அனுப்பினார். பேஷ்வாக்கள் காலத்தில் பிராமணர்களுக்குத் தட்சிணையாக வழங்கப்பட்ட பணத்தின் ஒரு பகுதியை, ஆங்கில அரசு மராத்தி நூல்களுக்குப் பரிசாக மாற்றியிருந்தது. குழு நாடகத்தை ஏற்கவில்லை. அக்குழுவில் இருந்த பிராமண உறுப்பினர்களின் பிடிவாதமே காரணம் என்று, 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலில் பூலே எழுதினார். பரிசு கிடைக்கவில்லை, நூல் அச்சேறவும் இல்லை. ஆனால் பிரதி அழியவில்லை. 124 ஆண்டுகள் கழித்து, 1979இல், அது அச்சாயிற்று. நிராகரித்தவர்களின் பெயர்களை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? நிராகரிக்கப்பட்ட நாடகமோ இன்று மராத்தி நாடக வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இடம் பெற்றிருக்கிறது. இளைஞர்களே, இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி நாம் வாழும் பகுதியைப் பார்ப்போம். அடையாற்றின் தென்கரையில் ஊரூரை அடுத்து, 1894இல் கர்னல் ஆல்காட் நம் மக்களுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அந்நாளில் அது பஞ்சமர் பள்ளி எனப்பட்டது. ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயரோடு பெசன்ட் நகரில் நிலைத்திருப்பது அதுவே. அதைத் தொடர்ந்து கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. ஆக, இந்தப் பகுதியில் நமக்கெனப் பள்ளி வந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. அதே மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபாவும், தியாகராய நகரில் வாணி மகாலும் பல்லாண்டுகளாக இசைக்கும் நாடகத்துக்கும் மேடை தந்து வந்திருக்கின்றன. பள்ளியும் நம் தெருவுக்கு அருகில். மேடையும் நம் தெருவுக்கு அருகில். பள்ளிக்குள் நுழைந்துவிட்டோம். மேடைக்குள் நுழைந்தோமா?

நுழைந்தோம் என்று சொன்னால், எந்த வேடத்தில் என்றும் சொல்ல வேண்டும். சபா நாடகங்களிலும் திரைப்படங்களிலும் நாம் பேசும் சென்னைத் தமிழ் பெரும்பாலும் ரிக்ஷாக்காரர் வாயிலும் வேலைக்காரி வாயிலும் வைக்கப்பட்டது. அதுவும் சிரிப்பு மூட்டுவதற்காகவே. 1958இல் வந்த 'சபாஷ் மீனா' படத்தில் சந்திரபாபு ரிக்ஷாக்காரராகப் பேசிய பேச்சு நாடெங்கும் கைதட்டல் பெற்றது. அந்தக் கலைஞரின் திறமையை நாம் குறை கூறவில்லை. நம் வீட்டுப் பேச்சு நகைப்புக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நிலைத்துவிட்டதையே குறை கூறுகிறோம்.

நம்மவர் கதாநாயகராக வந்த நாடகமும் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். ஆம், நந்தனார். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை நாடகக் கம்பெனிகளுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் நெடுங்காலம் கைகொடுத்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தார்கள். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணையாராக்கி, ஆண்டையின் கொடுமையைக் காட்டியவர் பாரதியார். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவு என்ன? நம் மனிதர் நெருப்பில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் போக முடிகிறது. அந்த நெருப்பு அருளா, சூழ்ச்சியா என்ற கேள்வியை இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய 'நந்தன் கதை' மேடையில் எழுப்பிற்று. நம் கதையைப் பிறர் எழுதியவரை, நெருப்புக்குள் நம்மை அனுப்பும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' எழுதி மேடையேற்றியபோதும், மலக்குழிச் சாவுகளைப் பற்றி ஜெயராணி எழுதி ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கிய 'மஞ்சள்' 2017இல் சென்னையில் அரங்கேறியபோதும், அந்த உரிமை இடம் மாறத் தொடங்கியது.

இப்போது நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னை முழுதும் குடத்தோடு தெருவில் நின்ற ஆண்டு அது. அவ்வாண்டில் நம் மாலைப் பள்ளி மாணவர்கள் ஒன்பது பேர், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வரிசையை ஒரு நாடகமாக்கி, பள்ளிகளுக்கிடையேயான விழா ஒன்றுக்குக் கொண்டு சென்றார்கள். விழாவின் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம். லாரி ஓட்டுநராக நடித்தவள் எட்டாம் வகுப்பு மாணவி. மேடைப் பொருள் என்று இருந்தவை ஒன்பது பிளாஸ்டிக் குடங்கள் மட்டுமே. லாரியின் ஒலிப்பான் கேட்டதும் குடங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் நகரும் காட்சிக்கு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒருவர், "நாடகம் நன்று, மொழிதான் மேடைக்கு உகந்ததன்று" என்றார். பிள்ளைகள் பேருந்தில் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பினார்கள். நாங்களும் அவர்களோடு அமர்ந்து, அந்த நடுவரை மனத்துக்குள் ஏசிக்கொண்டே வந்தோம்.

ஆனால் இன்று நாங்கள் வருந்துவது அந்த நடுவரை எண்ணியன்று. இந்த வெள்ளி விழா மலரில் வெளியிடலாம் என்று சென்ற மாதம் அந்த நாடகத்தைத் தேடினோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது அது. அந்த நோட்டு யாரிடமும் இல்லை. எழுதிய பையனின் குடும்பம் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்டபோது பழைய தாள்களோடு அதுவும் போய்விட்டது. நடுவர் ஒரு பரிசைத்தான் மறுத்தார். நாமோ நாடகத்தையே தொலைத்துவிட்டோம்! பூலேயின் பிரதி 124 ஆண்டுகள் காத்திருந்தது. நம் பிள்ளைகளின் பிரதியைச் சில ஆண்டுகள்கூட நாம் காக்கவில்லை. இக்குற்றத்தை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே, அடுத்த முறை நாம் கடைப்பிடிக்க வேண்டியவை எனக் கருதும் சிலவற்றை இளைஞர்கள் முன் வைக்கிறோம்.

முதலாவதாக, நாடகத்தைப் பிள்ளைகளே ஆக்க வேண்டும். வட்டமாக அமர்ந்து ஆளுக்கொரு நிகழ்ச்சியைச் சொல்லட்டும். எதைச் சொல்லும்போது மற்றவர்கள் தாமும் பேச முந்துகிறார்களோ, அதுவே கதைக்கரு. இரக்கத்தை யாசித்துப் பரிசு வாங்கும் கதை வேண்டாம். நம் தெருவில் அழுகை மட்டுமா இருக்கிறது? கேரம் பலகை உண்டு, கானா உண்டு, காதுகுத்து விழா உண்டு, அறிவும் கிண்டலும் உண்டு. அவையும் மேடைக்கு வரட்டும்.

இரண்டாவதாக, மொழி. பாத்திரம் எந்தத் தமிழைப் பேசுமோ அந்தத் தமிழைப் பேசட்டும். ஆனால் எந்தத் தமிழாயினும் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் செவிக்கு எட்ட வேண்டும். ஒலிபெருக்கியை நம்பாமல் திறந்த வெளியில் நின்று பேசிப் பழகுங்கள். தெருப் பேச்சையும் ஏட்டுத் தமிழையும் ஒருங்கே ஆளத் தெரிந்த பிள்ளையின் முன் எந்த நடுவரும் மொழியைக் குறை சொல்லத் தயங்குவார்.

மூன்றாவதாக, வேடப் பங்கீடு. கறுத்த பிள்ளைக்கு வேலைக்காரன், சிவந்த பிள்ளைக்கு அரசன் என்னும் பழக்கம் நம் குழுவுக்குள் தலைகாட்டக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பேச்சில்லாத வேடம் கொடுத்து ஓரத்தில் நிறுத்தவும் கூடாது. திரை இழுப்பவரும் குடம் அடுக்குபவரும் நாடகக் குழுவினரே.

நான்காவதாக, ஒழுங்கு. விழாவின் விதிகளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். கால அளவு மீறினால் மதிப்பெண் குறையும். தலைமையாசிரியரின் கையொப்பம் வேண்டும் விண்ணப்பங்களைக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். தேர்வுக் காலத்தில் ஒத்திகை வேண்டாம். பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் இன்னும் இங்கேயே வந்து படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. அவர்கள் பேருந்து பிடித்து வீடு சேரும் நேரத்தைக் கணக்கிட்டே ஒத்திகை முடிய வேண்டும். உடைக்காக எந்தப் பெற்றோரும் கடன் வாங்கக் கூடாது. வீட்டில் இருக்கும் முறமும் குடமும் போர்வையும் போதும்.

ஐந்தாவதாக, எல்லாவற்றினும் முதன்மையாக, எழுதிய நாடகத்தைக் காக்க வேண்டும். மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று எழுதியவரிடம், ஒன்று பள்ளியில், ஒன்று நம் கழக நூலகத்தில் இருக்கட்டும். முதற்பக்கத்தில் நடித்தவர், எழுதியவர், குடம் சுமந்தவர் அனைவர் பெயரும், நடித்த நாளும் இடமும் இருக்க வேண்டும். அந்த நூலகப் பிரதிகளைக் காக்கும் பொறுப்பை, "கூத்து எதற்கு?" என்று கேட்ட நம் பெரியவரே ஏற்றருள வேண்டும் என இந்த அவையில் வேண்டிக்கொள்கிறோம். கேள்வி கேட்டவரிடமே சாவியும் இருப்பதுதான் முறை.

இளைஞர்களே! வாய்ப்பு இன்று முன்னைப்போல் அரிதன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2022இல் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகச் செல்லும் அப்போட்டிகளில் நாடகமும் இடம்பெற்றது. மாநில அளவில் வென்றோருக்குக் கலையரசன், கலையரசி என்னும் விருதுகளும் வைக்கப்பட்டன. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்த விழாவோ, கலை சபாவுக்கு மட்டும் உரியதன்று, கடற்கரைக் குப்பத்துக்கும் உரியது என்று காட்டியது. இனி இடமில்லை என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

பரிசு வந்தால் மகிழ்வோம். வராவிட்டால், காரணத்தைப் பணிவோடு கேட்டறிந்து, நம் பிழை இருந்தால் திருத்திக்கொள்வோம். பிழை அவர்களுடையதாயின் அடுத்த ஆண்டும் அதே மொழியோடு செல்வோம். எவ்வாறாயினும் பிரதியோடு வீடு திரும்புவோம். நம் கழகம் பொன்விழாக் காணும் நாளில், நூலக அலமாரியில் நம் பிள்ளைகள் எழுதிய நாடகங்கள் வரிசையாக நிற்கட்டும். அன்று மேடையேறும் பிள்ளை பிறர் எழுதிய நந்தனைத் தேடிப் போகாமல், தன் அண்ணன் எழுதியதை, தன் அக்காள் எழுதியதை அந்த அலமாரியிலிருந்து எடுக்கட்டும்.