உழைத்து ஓய்ந்தவனுக்கு அவன் பாஷை வேண்டாமா?

(ஆஸ்பத்திரி ஊழியர்களும் நர்சுகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது ஆஸ்பத்திரிகளில் வேலை பழகிய நர்சுப் பெண்கள் பலர் இன்று ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுகிறார்கள். போனவர்களில் பலருக்கு அங்கே முதலில் கிடைக்கும் வேலை பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல, முதியோர் இல்லத்தில். இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களிலும் சிலர் அதற்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே அந்த இல்லங்களில் படுத்திருப்பவர்கள் யார், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யார், இரு தரப்புக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பேசும்படி சங்கத் தோழர்கள் கேட்டார்கள். பேச வேண்டிய விஷயம்தான்.

ஆஸ்திரேலியாவில் 65 வயது தாண்டியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் இத்தாலியர், கிரேக்கர், போலந்துக்காரர், மால்டாக்காரர், பிறகு வியட்நாமியர், சீனர், லெபனான்காரர் என்று ஜாபிதா நீளும். இவர்கள் உல்லாசப் பயணம் போன இடத்தில் தங்கிவிட்டவர்களா? இல்லை. பெரும்பாலோர் வேலைக்கென்று அழைக்கப்பட்டவர்கள், அல்லது உயிர் தப்பி ஓடி வந்தவர்கள்.

யுத்தம் முடிந்த 1945-ல் அந்தக் கண்டம் முழுவதற்கும் சுமார் 74 லட்சம் ஜனங்கள்தான் இருந்தார்கள். ஆலைக்கு ஆள் வேண்டும், அணைக்கு ஆள் வேண்டும், ரயில் பாதைக்கு ஆள் வேண்டும். அந்த வருஷமே குடியேற்றத்துக்கென்று தனி இலாகா ஏற்படுத்தினார்கள். ஆர்தர் கால்வெல் அதன் முதல் மந்திரி. 1947 முதல் ஐரோப்பிய அகதி முகாம்களிலிருந்து சுமார் 1,70,000 பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். நிபந்தனை என்ன தெரியுமா? சர்க்கார் காட்டுகிற இடத்தில், காட்டுகிற வேலையை, இரண்டு வருஷம் செய்ய வேண்டும்! சொந்த நாட்டில் டாக்டராகவும் என்ஜினீயராகவும் இருந்தவர்கள் இங்கே மண் வெட்டினார்கள். 1951-ல் இத்தாலியுடனும் 1952-ல் கிரீஸுடனும் ஒப்பந்தங்கள் வந்தன. பொனெகில்லா என்ற பழைய ராணுவ முகாமில் மட்டும் 1947-லிருந்து 1971 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் தங்க வைக்கப்பட்டு, வேலைக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஸ்நோயி மலைகளில் நதிகளைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் திட்டம் 1949-ல் ஆரம்பித்து 1974-ல் முடிந்தது. அதில் வேலை செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 30-க்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து வந்தவர்கள். சுரங்கத்திலும் பாறையிலும் 121 பேர் மாண்டார்கள்.

பெண்கள் தையல் ஆலைகளிலும், பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலைகளிலும் நின்றார்கள். மோட்டார் தொழிற்சாலைகளில் பெல்ட் ஓடுகிற வேகத்துக்குக் கையும் ஓடியது. 1973-ல் மெல்பர்ன் நகரின் பிராட்மெடோஸில் போர்டு மோட்டார் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தத்தை இங்கே பழைய தோழர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். கிரேக்கர், இத்தாலியர், துருக்கியர், யுகோஸ்லாவியர் ஆகியோர்தான் அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு. வேலைக்குத் திரும்புங்கள் என்று சங்கத் தலைவர்களே சொன்ன போதும் அவர்கள் மறுத்துப் பல வாரங்கள் நின்றார்கள். அன்று 30 வயதில் கேட்டருகே நின்றவருக்கு இன்று 80 தாண்டிவிட்டது. உயிரோடிருந்தால் அவர் எங்கே இருப்பார்? ஏதோ ஓர் இல்லத்தில், ஏதோ ஒரு கட்டிலில்.

இங்கேதான் பிரச்னை ஆரம்பிக்கிறது. டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்தால், மூளை கடைசியாகக் கற்றதை முதலில் கைவிடுகிறது. முதலில் கற்றது கடைசி வரை தங்கும். இருபத்தைந்து வயதில் வந்து, ஆலையிலும் கடையிலும் இங்கிலீஷ் கற்று, நாற்பது ஐம்பது வருஷம் பேசிய ஆளுக்குத் திடீரென்று அது மறந்துபோகிறது. தாய் மடியில் கற்ற சிசிலிக் கிராமத்துப் பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. அவர் தண்ணீர் கேட்கிறார். நர்சுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கிறார், உரக்கக் கேட்கிறார், கையை ஓங்குகிறார். நர்சு என்ன எழுதுகிறாள்? "முரட்டுத்தனம்" என்று எழுதுகிறாள். டாக்டர் வருகிறார், தூங்க வைக்கும் மாத்திரை எழுதுகிறார். தாகத்துக்கு மாத்திரை!

இதை நாம் மிகைப்படுத்துகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018-ல் ஆஸ்திரேலிய சர்க்கார் முதியோர் பராமரிப்பைப் பற்றி ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. 2019 அக்டோபரில் வந்த அதன் இடைக்கால அறிக்கைக்கு வைத்த பெயரே "புறக்கணிப்பு". உடனே திருத்த வேண்டியவை என்று அது சொன்ன மூன்றில் ஒன்று, மருந்தைக் கொடுத்து மனிதரைக் கட்டிப்போடும் வழக்கம். இன்னொன்று, வீட்டிலேயே உதவி பெறக் காத்திருக்கிறவர்களின் வரிசை: ஒரே வருஷத்தில், 2018 ஜூனுடன் முடிந்த வருஷத்தில், காத்திருந்தபடியே 16,000-க்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஒரு நாள் முழுதும் ஒரு முதியவரின் சாப்பாட்டுக்குச் சராசரி ஆறு டாலர் செலவழிக்கப்பட்டது என்ற கணக்கும் அந்தக் காலத்தில் வெளிவந்தது. உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்று, தோழர்களே! அந்த ஆறு டாலரில் ஆலிவ் எண்ணெய் எங்கே, அரிசிக் கஞ்சி எங்கே, மீன் எங்கே? எல்லாருக்கும் ஒரே வேக வைத்த பட்டாணி, ஒரே மசித்த உருளைக்கிழங்கு. சாப்பிடாவிட்டால் "பசியில்லை" என்று ஏட்டில் குறிப்பு.

"அத்தனை வருஷம் இருந்தும் அவர்கள் ஏன் நன்றாக இங்கிலீஷ் கற்கவில்லை?" என்று கேட்கும் கனவான்கள் அங்கே இன்றும் உண்டு. இயந்திரம் கத்துகிற இடத்தில் பத்து மணி நேரம் நின்றவளை, வீட்டுக்கு வந்து இலக்கணம் படிக்கச் சொல்வது சுலபம். நன்றாகக் கற்றவருக்கும் நோய் வந்தால் அது போய்விடுகிறது என்பதைத்தான் இப்போது சொன்னோம்.

பாஷையை வைத்து ஆளைத் தள்ளுவது அந்நாட்டு ஆளும் வர்க்கத்துக்குப் புதிதல்ல. 1901-ல் அவர்கள் போட்ட குடியேற்றச் சட்டத்தின்படி, ஏதாவது ஓர் ஐரோப்பிய பாஷையில் அதிகாரி வாசிப்பதை எழுதிக் காட்ட வேண்டும். எந்த பாஷை என்பது அதிகாரி இஷ்டம். கறுப்பரையும் ஆசியரையும் தள்ளத்தான் இந்தத் தந்திரம். 1934-ல் எகோன் கிஷ் என்ற செக் நாட்டுக் கம்யூனிஸ்ட் பத்திரிகையாளர் யுத்த எதிர்ப்பு மாநாட்டில் பேச வந்தார். இறங்க விடவில்லை. மெல்பர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். பல ஐரோப்பிய பாஷைகள் அறிந்த அந்த மனிதருக்கு சிட்னியில் வைத்த பரீட்சை ஸ்காட்லாந்து கேலிக் பாஷையில்! அது சட்டம் சொல்லும் ஐரோப்பிய பாஷை ஆகாது என்று ஹைகோர்ட்டே தீர்ப்புச் சொல்லிப் பரீட்சையைத் தள்ளியது. 1958 வரை அந்தப் பரீட்சை சட்டத்தில் இருந்தது. நிற்க.

பாஷை மட்டுமல்ல விஷயம். ஒவ்வொரு மனிதரும் இல்லத்துக்குள் தன் வாழ்க்கை முழுவதையும் சுமந்துகொண்டு வருகிறார். மெல்பர்னில் நாஜி மரண முகாம்களிலிருந்து தப்பிய யூதர்கள் பலர் குடியேறினார்கள். அவர்களில் சிலருக்கு முதுமையில் ஷவர் குழாயைக் கண்டாலே நடுக்கம். ஏன் என்று தெரியாத ஊழியை அவர்களைக் குளியலறைக்கு இழுத்தால் என்ன ஆகும்? தெரிந்த ஊழியை வாளியில் வெந்நீர் கொண்டுவந்து துணியால் துடைத்துவிடுகிறாள். இதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவசரப்படுத்தாமல் இருக்க நேரம் வேண்டும்.

அந்த மண்ணின் ஆதிவாசிகளின் கதை இன்னும் கொடியது. குழந்தைகளைத் தாயிடமிருந்து பிடுங்கி விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். 1970-கள் வரை இது நடந்தது. 1997-ல் அது பற்றி விசாரணை அறிக்கை வந்தது, 2008-ல் பார்லிமெண்டில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அப்படிப் பிடுங்கப்பட்ட குழந்தைகளில் உயிரோடிருக்கும் எல்லாருமே 2022-க்குள் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். மற்றவர்களுக்கு 65 வயது என்றால் ஆதிவாசிகளுக்கு 50 வயதிலேயே முதியோர் உதவி கேட்கலாம் என்று விதி இருக்கிறது; அத்தனை சீக்கிரம் உடல் தேய்கிறது. மணியடித்தால் சாப்பாடு, சீருடை, பூட்டிய கதவு — நமக்கு இது ஒழுங்கான இல்லம், அவர்களுக்கு அது சிறு வயதுச் சிறை. வெள்ளைக்கார ஏழைக் குழந்தைகளும் சென்ற நூற்றாண்டில் லட்சக்கணக்கில் அநாதை விடுதிகளில் அடைபட்டார்கள். அவர்களுக்கும் அதே பயம்தான்.

மத்திய பாலைவனத்தில் பிந்துபி மக்களின் முதியோருக்குச் சிறுநீரக நோய் வந்தால், நூற்றுக்கணக்கான மைல் தள்ளியுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பட்டணத்துக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்துக்கருகே கிடக்க வேண்டியிருந்தது. தங்கள் நிலத்தில் சாக முடியாது என்பது அவர்களுக்கு நோயைவிடப் பெரிய துன்பம். அவர்கள் என்ன செய்தார்கள்? சித்திரம் வரைந்தார்கள். 2000-ல் அந்தச் சித்திரங்களை சிட்னியில் ஏலம் விட்டுப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2004-ல் தங்கள் ஊரான கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். சர்க்கார் செய்யாததைக் கிழவர்களின் தூரிகை செய்தது.

ஆண் ஆணை நேசித்தது ஒரு காலத்தில் அங்கே குற்றம். டாஸ்மேனியா மாநிலத்தில் 1997 வரை குற்றம். அப்படி ஒளிந்து வாழ்ந்தவர்கள் கிழ வயதில் மறுபடியும் ஒளிய வேண்டுமா? மத ஸ்தாபனம் நடத்தும் இல்லமானாலும், சர்க்கார் பணம் வாங்கினால் அவர்களைத் தள்ளக்கூடாது என்று 2013-ல் சட்டம் திருத்தினார்கள். சரியான காரியம்.

இனி, பரிகாரம் என்ன? ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று இல்லம் கட்டிக்கொள்வது என்பது ஒரு வழி. மெல்பர்ன் கிரேக்கர்கள் 1970-களிலிருந்தே அப்படிக் கட்டினார்கள். கிரேக்கச் சாப்பாடு, கிரேக்கப் பேச்சு, ஈஸ்டர் பண்டிகை. கிழவிகளின் முகம் மலர்ந்தது. இதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் லட்சம் பேர் உள்ள சமூகம் கட்டலாம், ஐந்நூறு பேர் உள்ள சமூகம் என்ன செய்யும்? அது போக, சொந்தப் பாஷை இல்லம் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 2020 ஜூலையில் மெல்பர்னின் பாக்னர் பகுதியிலிருந்த ஒரு கிரேக்க இல்லத்தில் கொரோனா புகுந்தது. தொற்றுத் தொடர்பு என்று சொல்லி வழக்கமான ஊழியர் அத்தனை பேரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எந்தக் கட்டிலில் யார் என்பதே தெரியவில்லை. 50 முதியவர்கள் மாண்டார்கள். இல்லம் கிரேக்க இல்லம்தான். முகம் தெரிந்த ஊழியை இல்லை.

அந்த ஊழியை யார்? மூவரில் ஒருத்திக்கு மேல் அவளும் கடல் கடந்து வந்தவள்: நேபாளி, பிலிப்பினோ, பஞ்சாபி, மலையாளி, தமிழச்சி. இருவருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில் ஒரு கிரேக்கக் கிழவியும் ஒரு திருநெல்வேலிப் பெண்ணும் வலியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்! டெலிபோனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடும் சர்க்கார் ஏற்பாடு 1973 முதலே உண்டு. ஆனால் கூப்பிட்டுக் காத்திருக்க நேரம்? 2024 அக்டோபர் முதல் ஒரு முதியவருக்குச் சராசரி நாளொன்றுக்கு 215 நிமிடம் பராமரிப்பு என்று விதி வந்தது. குளிப்பாட்டல், ஊட்டல், மருந்து, கழிப்பறை எல்லாம் அதற்குள். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லா நாட்டுக் கொடியும் தொங்கவிட்டு, ஊழியைகளைச் சேலை கட்டச் சொல்லிப் போட்டோ எடுக்கிறார்கள் சில நிர்வாகங்கள். கொடி இருக்கட்டும், கூட ஓர் ஆளைப் போடு என்பதுதான் நமது பதில்.

பெண்கள் வேலை என்பதால் இந்த வேலைக்குக் கூலி மட்டம் என்று சங்கங்கள் வழக்காடி, 2023 ஜூன் 30 முதல் 15 சதவீத உயர்வு பெற்றன. சங்கங்கள் வாதாடாமல் இது வந்திருக்காது.

2025 நவம்பர் 1 முதல் அங்கே புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் உரிமைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. விரும்பிய பாஷையில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், தன் பண்பாடு மதிக்கப்பட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: இந்த உரிமைகளுக்காக நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. புகார் எழுதிக் கண்காணிப்பு ஆணையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பேச்சு இழந்த கிழவர் புகாரை எந்த பாஷையில் எழுதுவார்? பக்கத்தில் நிற்கும் ஊழியைதான் எழுத வேண்டும்; வேலை போகும் என்ற பயமில்லாமல் எழுத வேண்டும்.

1983 கலவரத்துக்குப் பின் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் விட்டு ஓடி சிட்னியிலும் மெல்பர்னிலும் ஒண்டிய தமிழர்களுக்கும் இப்போது அந்த வயதுதான். ஆகவே புறப்படப்போகும் சகோதரிகளுக்கு இரண்டு காரியம் சொல்லுகிறோம். போய்ச் சேர்ந்த முதல் வாரமே அங்குள்ள நர்சுகள் சங்கத்திலோ ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத்திலோ பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். விசா பேச்சை எடுத்து யாராவது மிரட்டினாலும் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் பொறுப்பில் விடப்படும் ஒவ்வொரு முதியவரின் பாஷையிலும் தண்ணீர், வலி, குளிர், பயம், மகள் என்ற ஐந்து வார்த்தைகளைக் குடும்பத்தாரிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவளிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள்.