கேட் மோட்டார்: ரிப்பேர் செய்வதா, புதிதாக வாங்குவதா?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மெக்கானிக் இல்லை, வங்கியில் லெட்ஜர் பார்த்தவன். ஆனாலும் இந்த மூன்று வாரமாக நம் மெயின் கேட் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டேன். மோட்டார் படுத்துவிட்டதால், இரவு பன்னிரண்டு மணிக்கு நம் கார் வந்தால் அறுபதைத் தாண்டிய வாட்ச்மேன்தான் எழுந்து அந்த இரும்பைத் தள்ளுகிறார். இன்றைக்கு முடிவெடுத்தே ஆக வேண்டும்.

கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. ரிப்பேருக்கு 8,500 ரூபாய், புது மோட்டாருக்கு 46,000 ரூபாய். வாட்ஸ்அப் குரூப்பில் இதை வைத்தே சண்டை நடக்கிறது. இரண்டிலுமே ஒரு விஷயம் விட்டுப்போயிருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

மோட்டாரில் ஒரு சாவி இருக்கிறது. அதைத் திருப்பினால் பல்சக்கரம் விடுபட்டு, கேட்டைக் கையால் தள்ளலாம். நல்ல கேட் என்றால் ஒரு கையால் தள்ளினாலே நகர வேண்டும். நம்முடையது இரண்டு பேர் தள்ளினால்தான் அசைகிறது. கீழே சக்கரங்களின் பேரிங் தேய்ந்துவிட்டது, தண்டவாளத்தில் பெயிண்டும் மணலும் சிமென்ட்டும் கெட்டியாக உட்கார்ந்திருக்கின்றன. இதன் மேல் எந்த மோட்டாரை வைத்தாலும் அது சூடேறிச் சீக்கிரமே போய்விடும். எனவே சக்கரம் மாற்ற 7,000 ரூபாய் எப்படியும் செலவு. ரிப்பேரா புதுசா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

அடுத்தது, மோட்டாரில் என்ன போயிருக்கிறது என்பது. ‘ம்ம்’ என்று சத்தம் மட்டும் வந்து நகராவிட்டால் பெரும்பாலும் கெப்பாசிட்டர், சின்னச் செலவு. மோட்டார் சுற்றியும் கேட் நகராவிட்டால் உள்ளே கியர் தேய்ந்திருக்கலாம். பாதியில் நின்றால் லிமிட் சுவிட்சையும் சென்சாரையும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மோட்டாரையே மாற்றச் சொன்னால் நானே எதிர்த்திருப்பேன். நம்முடையதில் போர்டு எரிந்துவிட்டது. பெட்டிக்குள் எறும்புப் புற்று, மழைத் தண்ணீர் புகுந்த துரு எல்லாம் இருந்தன. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மாடல் என்பதால் ஒரிஜினல் போர்டு வருவதில்லையாம். பொருந்துகிற வேறு போர்டு போட்டு மூன்று மாதம் வாரண்டி தருகிறார்கள்.

பணத்தை விட எனக்கு உறுத்துவது இன்னொன்று. நம் பழைய மோட்டாருக்கு போட்டோ சென்சாரே கிடையாது. கேட் மூடும்போது நடுவில் ஒரு குழந்தை சைக்கிளோடு வந்தால் நிறுத்த எதுவும் இல்லை. அமெரிக்காவில் வீட்டு கராஜ் கதவு மோட்டார்களுக்கு, யாராவது சிக்காமல் காக்கும் இப்படிப்பட்ட ஏற்பாட்டை 1993-லிருந்தே கட்டாயமாக்கிவிட்டார்கள். ரிப்பேர் என்று முடிவெடுத்தாலும் சென்சார் இல்லாமல் வேண்டாம். அதற்கு 3,500 ரூபாய் சேருங்கள்.

இப்போது கணக்கு. சக்கரம் இரண்டு வழியிலும் பொது, அதை விட்டுவிடுவோம். ரிப்பேர் 12,000. புதுசு, சென்சாரோடு சேர்த்தே 46,000. புதுசு பத்து வருஷம் ஓடும் என்று வைத்தால் வருஷத்துக்கு 4,600. அப்படியானால் ரிப்பேர் செய்த பழசு, வேறு செலவே வைக்காமல் இரண்டரை வருஷத்துக்கு மேல் ஓடினால்தான் நமக்கு லாபம். மூன்று மாத வாரண்டியை நம்பி அந்தப் பந்தயம் கட்ட எனக்கு மனமில்லை. வித்தியாசம் 34,000, நம் 24 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்குச் சுமார் 1,420 ரூபாய்தான். “போன வருஷம்தானே 6,000 செலவு செய்தோம்?” என்று கேட்கிறார்கள். அந்தப் பணம் போய்விட்டது சார். பழசை வைத்துக்கொண்டாலும் அது திரும்பி வராது.

ஆகவே என் ஓட்டு புதுசுக்குத்தான், ஆனால் நிபந்தனையோடு. கேட்டின் எடை மட்டும் போதாது. 24 வீட்டுக் காரும் தண்ணீர் லாரியும் வந்துபோகிற இடத்துக்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கத் தாங்கும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். தனி வீட்டுக்கான மோட்டாரைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஐப்பசி மழைக்கு முன் அடிமேடையை உயர்த்த வேண்டும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குத் தடுப்பு வேண்டும். கரண்ட் போனால் திறக்கும் சாவி ஒன்று வாட்ச்மேனிடம், ஒன்று செயலாளரிடம்.

முதலில் சக்கரம் மாற்றும் 7,000 ரூபாய்க்குக் கை தூக்குங்கள். அது இந்த வாரமே நடக்கட்டும். மோட்டாருக்கு அடுத்ததாக ஓட்டெடுப்போம்.