ஒரு பாடத்தைத் திருத்திக்கொள்கிறேன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஆற்றிய உரை)



உங்களில் பலருக்கு நான் ஒரு பாடத்தைத் தப்பாக நடத்திவிட்டேன். "கோளக்கொத்து விண்மீன்கள் எல்லாம் ஒரே மேகத்தில், ஒரே காலத்தில் பிறந்தவை, எடைதான் வேறு" என்றேன். அப்படி எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டேன்! அன்றைய புத்தகங்களும் அதைத்தான் சொல்லின.

மே மாதம் இரவு பத்து மணிக்கு மேல், திண்டுக்கல் விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி வயல்வெளிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். வானத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாக ஒன்று தெரியும். அதுதான் ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள். அதில் ஹைட்ரஜன் எரிக்கும் விண்மீன்கள் இரண்டு வரிசையாகப் பிரிவதை 2004இல் ஹப்பிள் படங்கள் காட்டின. ஒரு வரிசைக்கு ஹீலியம் கூடுதல் என்றால்தான் கணக்கு ஒத்துவருகிறது. ஹீலியம் மிகுந்தது சீக்கிரம் முதிரும்; முதிர்ந்தபின் அதிகச் சூடாகிப் புற ஊதாவில் ஒளிரும்.

'இது ஒன்றுதான் விதிவிலக்கு' என்று சமாதானம் சொல்லிப் பார்த்தோம். எங்கே! ஆராய்ந்த பழைய கொத்துகளில் பெரும்பாலானவற்றிலும் சோடியம் கூடி ஆக்சிஜன் குறைந்த விண்மீன்கள் கலந்தே இருக்கின்றன.

புற ஊதாவை ஓசோன் தடுத்துவிடும். கொடைக்கானல் மலையேறினாலும் கிடைக்காது. அங்குள்ள சூரிய ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புற ஊதாத் தொலைநோக்கி, 2015இல் ஆஸ்ட்ரோசாட்டில் மேலே போனது. அது எடுத்த ஒமேகா சென்டாரி படங்களை வைத்து 2022இல் வந்த ஆய்வு, குறைந்தது ஐந்து பிரிவு விண்மீன்கள் இருந்தால்தான் பொருந்தும் என்கிறது. அவற்றில் மூன்று ஹீலியம் மிகுந்தவை. அந்த ஹீலியத்தை எந்த மூத்த விண்மீன்கள் கக்கின என்பதில் மட்டும் சண்டை இன்னும் ஓயவில்லை.

பழைய நோட்டை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள். மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்கமாட்டேன்.